இல்லாத பெரியம்மா

ஜூன் 3, திங்கள்

முதலில் வருஷத்தைச் சொல்லித் தொடங்கச் சொன்னான் மகன். எனக்கு வருஷம் எண்ணில் நிற்காது. புது மேம்பாலத்தைக் காலையில் திறந்து சாயங்காலமே மூடினார்களே, மருந்துக்கடைக்காரர் தேர்தலில் நின்று பெண்டாட்டி ஓட்டுக்கூட விழாமல் தோற்றாரே, அந்த வருஷம். என் மனைவி போனதற்கு மறு வருஷம். ரயில் நிலையத்துப் பக்கத்து வீட்டைக் காலி செய்துகொண்டு நாங்கள் மூன்று பேரும் இந்தத் துறைமுகக் குடியிருப்புக்கு வந்த வருஷம். இது போதும். தேதியைப் போனே போட்டுக்கொள்ளுமாம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுகிறேன், போன் எழுதுகிறது. கடலுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் மகன் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட்டான். "வீட்டுல பேசற மாதிரி பேசாதீங்கப்பா, அதுக்குப் பிடிபடாது. ரேடியோவுல செய்தி வாசிப்பாங்கல்ல, அந்த மாதிரி. நான் திரும்பி வந்து ஒவ்வொண்ணா படிக்கிறேன்." எனக்கு அது ஒரு கஷ்டமா? நான் நிலையத்தில் போர்ட்டர். ஆயுசு பூராவும் ஒலிபெருக்கியைக் கேட்ட காது. கோபம் வந்தால் மட்டும் நாக்கு வீட்டுப் பேச்சுக்கு ஓடிவிடும். ஓடட்டும்.

மகன் கடற்படை மாலுமி. இப்போது நீர்மூழ்கிக் கப்பலுக்குப் பயிற்சி. கடலில் தாய்க்கப்பல் என்று ஒன்று நிற்குமாம். பயிற்சிக்காரர்கள் அதில் தங்கி, அதிலிருந்து இறங்கித்தான் நீருக்கடியில் போவார்களாம். பயிற்சி முடிகிறவரை குடும்பத்துக்கு இந்த வீடு. வீட்டில் இப்போது நானும் மருமகளும்.

அவளைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 6, வியாழன்

கப்பல் எப்போது திரும்பும் என்று மகனிடம் கிளம்புகிற அன்றே கேட்டேன். சொல்லக்கூடாதாம். கப்பல் போகிற நாள், வருகிற நாள், நிற்கிற இடம், எதையும் வீட்டில்கூடச் சொல்லக்கூடாதாம்.

"பெத்த அப்பன்கிட்டயுமா?"

"உங்ககிட்ட சொல்றதும் ஸ்டேஷன் மைக்ல சொல்றதும் ஒண்ணுதான்ப்பா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மருமகளும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் இன்னும் காதில் இருக்கிறது.

ஜூன் 12, புதன்

பின்பக்கம் துணி காயப்போடும் கொடி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. தொட்டி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்வது என் வழக்கம். மருமகள் துணி உதறிக்கொண்டே யாருடனோ போனில் பேசினாள். எல்லாம் கேட்கவில்லை. ஒன்று மட்டும் தெளிவாக விழுந்தது.

"பெரியம்மா நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டாங்களாம். இனிமே தூக்கம் வரும்."

எந்தப் பெரியம்மா?

இவள் கல்யாணத்துக்கு வந்த பெட்டி அத்தனையையும் வண்டியிலிருந்து இறக்கியவன் நான். எந்தப் பெட்டி யாருடையது, பூட்டு எது, கைப்பிடி எது உடைந்தது, இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். இவள் பக்கத்திலிருந்து வந்தது இரண்டே பெட்டி. அவள் அம்மா வீட்டுக்கு ஒற்றைப் பிள்ளை. அப்பாவும் ஒற்றை. ஒற்றைக்கும் ஒற்றைக்கும் பிறந்த ஒற்றை இவள். அந்த இரண்டு பேரும் இப்போது உயிரோடு இல்லை. அம்மாவுக்கு அக்கா இல்லை, அப்பாவுக்கு அண்ணன் இல்லை. பெரியம்மா எங்கிருந்து முளைத்தாள்?

ஜூன் 13, வியாழன்

சாப்பிடும்போது பேச்சுவாக்கில் கேட்டேன். "ஏம்மா, உங்கம்மாவுக்கு அக்கா தங்கச்சி யாராவது உண்டா?"

"இல்லையே மாமா. ஏன்?"

"சும்மா."

ஜூன் 19, புதன்

புதன்கிழமை தோறும் மாடி வீட்டுப் பெண்ணும் இவளும் கைப்பையோடு கிளம்பிவிடுகிறார்கள். மாடி வீட்டுப் பெண்ணின் புருஷனும் அதே கப்பலில்தான். நல்ல பெண்தான், குரல் மட்டும் இஞ்சின் விசில்.

"எங்கம்மா?"

"நடந்துட்டு வரலாம்னு மாமா."

நடக்கப் போகிறவர்கள் குடையும் கைப்பையும் எடுத்துக்கொண்டு போய், ஆட்டோவில் வந்து இறங்குவார்களா?

இன்னொன்று. இவள் முன்பெல்லாம் இரண்டு கையிலும் இரண்டு வாளி தூக்குகிறவள். இப்போது ஒரு வாளிகூடத் தூக்குவதில்லை. "மாமா, கொஞ்சம் தூக்கிக் குடுங்களேன்" என்கிறாள். வயசான ஆளிடம்! வீட்டை விட்டு மனசு போனவளுக்குத்தான் வீட்டு வேலை கனக்கும்.

ஜூன் 27, வியாழன்

கதவு கொஞ்சம் திறந்திருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. கட்டிலுக்குக் கீழிருந்து பெரிய தகரப் பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். சுவரில் இருந்த கல்யாணப் படம் இறங்கிவிட்டது.

ஒருவர் பெட்டி கட்டுவதைப் பார்த்தே அவர் திரும்பி வருவாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியும். போய் வருகிறவர்கள் துண்டையும் சீப்பையும் மேலே வைப்பார்கள், சுவரைத் தொடமாட்டார்கள். வராதவர்கள் முதலில் சுவரைக் காலி செய்வார்கள்.

என்னுடைய பெட்டி பரண்மேல் இருக்கிறது. அதில் தூசி அப்படியே.

"என்னம்மா, இப்பவே பெட்டி?"

"அடுத்த ஊருக்கு உத்தரவு எப்ப வேணா வரும் மாமா. கொஞ்சம் கொஞ்சமா கட்டி வச்சா நல்லதுதானே."

பயிற்சி அக்டோபரில்தான் முடிகிறது. ஜூன் மாசத்தில் யார் பெட்டி கட்டுவார்கள்?

ஜூலை 4, வியாழன்

இன்று கேட்டதை எப்படிச் சொல்வது.

போனில், மறுமுனையில் ஆண் குரல். இவள் சொல்கிறாள்: "ஒருத்தர் தங்கற மாதிரி போதும். தரைத்தளமா பாருங்க. வயசானவர். சாப்பாடு நீங்களே குடுப்பீங்களா? இல்ல, நாங்க கூட இருக்க மாட்டோம்."

நாங்கள் என்றால் யார்? அவளும் வேறு யாருமா?

ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "உடம்பு சரியில்லையா மாமா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். வைக்கட்டும். நல்லா வைக்கட்டும்.

ஜூலை 9, செவ்வாய்

மாடி வீட்டுப் பெண் இறங்கி வந்து கொடிப் பக்கம் நின்று சொன்னாள்: "பெரியம்மாவுக்கு உடம்புக்கு முடியலையாம். வர்றது தள்ளிப்போகுமாம்." அவ்வளவுதான். மருமகள் துணியைக் கீழே போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சொந்த அம்மா போனபோதுகூட இவள் நாலு பேருக்கு முன்னால் அழவில்லை. இல்லாத பெரியம்மாவுக்கு இப்படி அழுகையா?

யோசித்து யோசித்து முடிவுக்கு வந்துவிட்டேன். பெரியம்மா பொம்பளை இல்லை.

ஜூலை 16, செவ்வாய்

தொட்டி நிழலில் இருந்தேன். நான் இருப்பது தெரியாமல் பேசினாள்.

"கண்டிப்பாவா? இந்த வெள்ளி இல்ல, அடுத்த வெள்ளி. தெற்கு வாசல். ஐயோ, பெரியம்மாவைப் பார்த்து எத்தனை நாளாச்சு!"

குரலில் அப்படி ஒரு குதி. பிறகு கண்ணாடிக்கு முன் நின்று பாடிக்கொண்டிருந்தாள்.

இந்தக் குடியிருப்பின் தெற்கு வாசல் எனக்குத் தெரியும். குப்பை லாரியைத் தவிர ஒன்றும் வராது, காவலுக்கு ஆளும் கிடையாது. ஒளிந்து வருகிறவனுக்கு அதைவிடத் தோதான வழி வேறு எது?

ரயில் வேலைநிறுத்தம் நடந்த வருஷம் ஒரு பெண் இப்படித்தான். பச்சைப் பெட்டி, பித்தளைப் பூட்டு. புருஷன் வெளியூரில். முதல் நடைமேடையில் காத்திருந்து, வண்டி வந்ததும் வேறு ஒருவன் கையைப் பிடித்து ஏறினாள். பெட்டியைத் தூக்கி வைத்தவன் நான். மறு வாரம் அந்தப் புருஷன் வந்து நிலையத்தில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனான். நான் பார்க்கவே இல்லை என்று சொன்னேன். அந்த ஆளின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

என் மகன் அப்படி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு திரியக் கூடாது.

ஜூலை 18, வியாழன்

போய்விட்டு வந்தேன். மனசு லேசாக இருக்கிறது. இல்லை. தெரியவில்லை.

கடலில் இருப்பவர்களுக்கு வீட்டிலிருந்து சேதி அனுப்ப ஒரு அலுவலகம் இருக்கிறது. வெள்ளைச் சீருடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுங்க தாத்தா. ஒரு வரிதான் போகும். கெட்ட சேதின்னா மேல கேட்டுட்டுத்தான் அனுப்புவோம்."

"எழுதிக்கம்மா. பெரியம்மா அடுத்த வெள்ளிக்கிழமை தெற்கு வாசல் வழியா வர்றா. உன் பெண்டாட்டி பெட்டி கட்டிட்டா. அதுக்குள்ள வந்துடு."

எழுதிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"எந்தப் பெரியம்மா தாத்தா?"

"அதானேம்மா எனக்கும் தெரியணும். அவளுக்குப் பெரியம்மாவே கிடையாது."

"வெள்ளிக்கிழமைன்னு யார் சொன்னாங்க?"

"மருமகதான். போன்ல."

"தெற்கு வாசல்னும் அவங்களே சொன்னாங்களா?"

எழுந்து உள்ளே போனாள். தோளில் பட்டை அதிகம் உள்ள ஒருவரைக் கூட்டி வந்தாள். அவர் எனக்கு நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். தேதிவாரியாக, கொடியில் என்ன துணி காய்ந்தது என்பதுவரை. "நல்ல ஞாபகசக்தி பெரியவரே" என்றார்.

வாழ்நாளில் எந்த அலுவலகத்திலும் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. அதை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டு வந்தேன். இப்போதுதான் உறைக்கிறது. எதற்குப் போட்டார்கள்?

ஜூலை 19, வெள்ளி

காலையில் இரண்டு பேர் வந்தார்கள். சீருடை இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றார்கள்.

"உங்க பெரியம்மாவைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும்" என்றார் உயரமானவர்.

மருமகள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். சரிதான், அகப்பட்டுக்கொண்டாள் என்று நினைத்தேன். நினைத்தேன்தான். பொய் சொல்ல முடியுமா.

"பெரியம்மாவா... அவங்க... இறந்துட்டாங்க சார்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எப்பம்மா இறந்தாங்க? அடுத்த வெள்ளிக்கிழமை வர்றாங்கன்னு செவ்வாய்க்கிழமைதானே சொன்னே?"

உயரமானவர் என்னைப் பார்த்தார். குட்டையானவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மருமகள் திரும்பினாள்.

"மாமா. வாயை மூடுங்க."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தை அவள் சொன்னதில்லை. அவள் போனை வாங்கிக்கொண்டார்கள். மாடிக்கும் போனார்கள். மேலே இஞ்சின் விசில் குரல் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

ஜூலை 20, சனி

தட்டை வைத்தாள், போனாள். ஒரு வார்த்தை இல்லை.

ஜூலை 22, திங்கள்

நானே கேட்டேன். தாங்க முடியவில்லை. "யாரும்மா அந்தப் பெரியம்மா? இப்பவாவது சொல்லிடு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சிரித்தாள். அந்த மாதிரிச் சிரிப்பை நான் யாரிடமும் கேட்டதில்லை.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களா? கப்பல் மாமா. தாய்க்கப்பல். தாய்னு சொன்னா தெரிஞ்சிடும்னு பெரியம்மா. உங்க பிள்ளை கிளம்பறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லிக்குடுத்த பேச்சு. இந்த ப்ளாக் பூரா அப்படித்தான் பேசும். பெரியம்மாவுக்கு உடம்பு முடியலைன்னா இஞ்சின்ல கோளாறு. தெற்கு வாசல்னா துறைமுகத்துல தெற்குப் பக்கம்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்குச் சொல்லியிருக்கலாமேம்மா."

"உங்க பிள்ளைதான் வேண்டாம்னார். அப்பாவுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும்னார். தெரியாமலே ஊருக்குச் சொல்லிட்டீங்க." மூச்சு வாங்கினாள். "தேதியைச் சொன்னது அவர் தப்பு. கேட்டது என் தப்பு. இல்லைங்கல. ஆனா யாரும் நேரா ஆபீசுக்கே போயி, நாற்காலியில உக்காந்து, நாள் நாளா சொல்லலையே மாமா!"

"பெட்டி கட்டினியே?"

"உத்தரவு வந்தா ரெண்டு மூணு வாரத்துல காலி பண்ணணும். அப்ப என்னால குனிஞ்சு நிமிர முடியாது."

"ஏன்?"

என்னையே பார்த்தாள்.

"மூணாம் மாசம் நடக்குது."

புதன்கிழமைகள். வாளி. நான் ஒரு மடையன், மூணு பிள்ளை பெத்து ரெண்டைப் பறிகொடுத்தவளோட குடும்பம் நடத்தின ஆள், எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு? கண்ணு முழுக்க வேற ஒண்ணைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கு.

அவள் உள்ளே போகும்போது சொன்னதுதான் தூங்கவிடாது. "வீட்டுல அவர்கிட்டதான் முதல்ல சொல்லணும்னு வச்சிருந்தேன். வெள்ளிக்கிழமை. நேர்ல. இப்ப உங்ககிட்ட சொல்லிட்டேன்."

ஜூலை 26, வெள்ளி

கப்பல் வரவில்லை. நாள் வெளியே தெரிந்துவிட்டதால் மாற்றிவிட்டார்களாம். எந்த நாளுக்கு என்று இப்போது யாருக்கும் தெரியாது.

குடியிருப்பில் எல்லாப் பெண்களுக்கும் விஷயம் தெரியும். நான் பின்பக்கம் போனால் கொடிப் பக்கம் பேச்சு நின்றுவிடுகிறது. ஒருத்தி கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டே என்னைப் பார்த்தாள். ஒலிபெருக்கியைப் பார்க்கிற பார்வை. நாற்காலியை எடுத்து உள்ளே போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மகனைப் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலை போகவில்லை. ஆனால் இந்த அணியோடு முடிக்க முடியாது. அடுத்த அணியோடு முதலிலிருந்து. அடுத்த அணிக்கு வேறு துறைமுகம். அதுவரை வேறு கப்பலில் வேலை, வீட்டுக்கு விடுப்பு கிடையாது. மாடி வீட்டுக்காரருக்கு எச்சரிக்கையோடு போயிற்று.

இன்று பேச விட்டார்கள். அவன் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாராம். மருமகள் சமையலறையில் நின்று பேசினாள். நான் கூடத்தில். கதவைச் சாத்தவில்லை. சாத்தினால்தான் என்ன.

"நல்ல சேதி ஒண்ணு இருக்கு. இல்ல, இதுல மறைச்சுப் பேச ஒண்ணுமில்ல, பக்கத்துல இருக்கறவரும் கேக்கட்டும். நீங்க அப்பாவாகப் போறீங்க." பிறகு, "அழாதீங்க. அவர் பாக்கறார்ல."

பிறகு என்னைக் கேட்டான்.

"அப்பா, தினமும் போன்ல பேசறீங்களா?"

"பேசறேன்டா."

"பேசுங்க. வெளியில பேசாதீங்க."

திட்டியிருக்கலாம். திட்டவே இல்லை. ஏன் திட்டவில்லை? அவள் தடுத்துவிட்டாளா?

ஆகஸ்ட் 9, வெள்ளி

இவர்கள் இரண்டு பேரும் எவ்வளவு கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று இன்றுதான் தெரிந்தது. அக்டோபரில் பயிற்சி முடியும். அதற்குப் பிறகு கோடைவரை கரையில் வேலை. பிப்ரவரியில் குழந்தை. மகன் வீட்டில் இருப்பான். மாலுமி வீட்டில் இதற்குமேல் தோதாக ஒரு பிள்ளை பிறக்க முடியாது. கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு இடைவெளிக்காகக் காத்திருந்தார்களாம்.

இப்போது பிப்ரவரியில் அவன் தண்ணீருக்கடியில் இருப்பான். அந்த ஒரு வரிச் சேதிகூடப் போகாது.

இதைச் சொல்லும்போது அவள் என்னைக் குத்திப் பேசவில்லை. காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். குத்தியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 11, புதன்

மாடி வீட்டுப் பெண் இப்போது கூட வருவதில்லை. படியில் பார்த்தால் சுவரைப் பார்க்கிறாள். அதனால் ஆஸ்பத்திரிக்கு நான் போகிறேன். பை என்னிடம், சீட்டு அவளிடம். வழியில் பேச்சு இல்லை.

மருந்து கொடுக்கிற ஆள் போன தடவை சிவப்பு மாத்திரை கொடுத்தார். இன்றைக்கு மஞ்சள். நான் விடுவேனா?

"ஏங்க, நிறம் மாறியிருக்கே?"

"கம்பெனி வேற பெரியவரே. மருந்து அதேதான்."

"போன தடவை உருண்டை. இது நீளம்."

"கம்பெனி வேறன்னு சொன்னேனே."

"டாக்டரம்மாகிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்து குடுங்க."

பின்னால் வரிசை நீண்டுவிட்டது. ஒருவர், "தாத்தா, வீட்ல போய் சந்தேகப்படுங்க" என்றார். நான் நகரவில்லை. அவர் எழுந்து போய்க் கேட்டு வந்தார். மருந்து அதேதான். மருமகள் வெட்கத்தில் தள்ளிப்போய் நின்றாள். வெளியே வந்ததும் சிரித்தாளோ இருமினாளோ, எனக்குப் பிடிபடவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

எத்தனை நாள்தான் மென்று விழுங்குவது. கேட்டுவிட்டேன்.

"ஒருத்தர் தங்கற மாதிரி ரூம் பார்த்தியே. அது யாருக்கு? அதுவும் கப்பலா?"

அவள் மறைக்கவில்லை. "இல்ல மாமா. உங்களுக்குத்தான்."

அதாவது, நான் சந்தேகப்பட்டதில் ஒன்று நிஜம்.

"அடுத்த ஊர்ல குடுக்கற வீடு ஒரே ரூம். குழந்தைன்னு ஒண்ணு வந்தா இடம் பத்தாது. மாமாவை எங்க படுக்க வைக்கறதுன்னு அவர் கிளம்பறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் பேசினோம். பழைய ஊர்ல, ஸ்டேஷன் பக்கத்துல, வயசானவங்களுக்குச் சாப்பாடு போடற இடம் ஒண்ணு இருக்கு. அங்க கேட்டேன்."

"அவனும் சேர்ந்துதான் பேசினானா?"

"ம்."

"இப்ப அந்த ரூம்?"

"இருக்கு. இன்னும் வேண்டாம்னு சொல்லல."

சரி என்று சொன்னேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ரயில் சத்தம் கேட்கும் இடம். பழகின இடம். குறை சொல்ல ஒன்றுமில்லை. பரண்மேல் இருக்கிற என் பெட்டியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 2, புதன்

அவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது. மகன் பேசினான். என்னிடம் "சாப்பிட்டீங்களா" என்று மட்டும் கேட்டான்.

அக்டோபர் 17, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. நவம்பர் முதல் வாரத்துக்குள் காலி செய்ய வேண்டும்.

அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு நானே கட்டினேன். கனமானது அடியில், உடைவது நடுவில். அவள் கை காட்டினாள், நான் வைத்தேன். "அந்தச் சட்டி வேண்டாம் மாமா, ஓட்டை." "ஓட்டையா இருந்தா என்ன, உள்ளே கண்ணாடிச் சாமானை வைக்கலாம்." "அப்ப வைங்க." இப்படியே மத்தியானம்வரை போயிற்று. நிறைய நாள் கழித்து இத்தனை வார்த்தை.

என் பெட்டி இன்னும் பரண்மேல்தான். இறக்கட்டுமா என்று நான் கேட்கவில்லை. இறக்குங்கள் என்று அவளும் சொல்லவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

லாரிக்காரன் சாமான்களைக் கணக்கெடுக்க வந்தான். பரணைக் காட்டி, "அது?" என்றான்.

"அதுவும்தான்" என்றாள் மருமகள்.

எந்த ஊருக்கு என்று சொல்லவில்லையே! லாரி அந்த ரயில் ஊர் வழியாகத்தான் போகும். இறக்கிவிட்டுப் போகலாம், தோதுதான்.

அக்டோபர் 31, வியாழன்

மாடி வீட்டுப் பெண் படியில் பாதிவரை இறங்கி வந்து, மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. நான் இருந்ததால்தான் பேசவில்லை. அறைக்குள் போய்விட்டேன்.

நவம்பர் 4, திங்கள்

லாரியில் முன்னால் மூன்று பேர் உட்காரும் இடம். ஓட்டுநர், அவள், நான். ரயில் ஊர் வந்தது. மேம்பாலத்தை இன்னும் திறக்கவில்லை, கீழே சுற்றிக்கொண்டுதான் போனோம். நிலையத்து வாசலில் வண்டி மெதுவாயிற்று. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். ஆடு ஒன்று குறுக்கே போயிற்று, அவ்வளவுதான். ஆடு போனதும் வண்டியும் போய்விட்டது. நான் அவளைப் பார்த்தேன். தூங்குகிற மாதிரி இருந்தாள். தூங்கினாளா?

சாயங்காலம் புதுத் துறைமுகக் குடியிருப்பின் வாசலில் நிறுத்தினார்கள். காவலர் சின்ன வயசு ஆள், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால். ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"வீட்டுக்காரர் கடல்ல இருக்கும்போது ஏதாவது அவசரம்னா யாருக்கும்மா சொல்லணும்? பெரியவங்களா ஒருத்தர் வேணும்."

அவள் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள். நான் பெட்டிகளின் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாடி வீட்டுப் பெண்ணைச் சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

"உங்கம்மா?"

"இல்ல."

"அப்பா?"

"இல்ல."

"மாமியாராவது இருக்காங்களா?"

"போன வருஷம் இறந்துட்டாங்க."

"வேற யாரு? சித்தி, பெரியம்மா?"

காவலர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கென்ன தெரியும், பாவம்.

"யாரும் கிடையாது. இவர் மட்டும்தான் இருக்கார்."

காவலர் என்னைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அப்படி ஒன்றும் நம்பிக்கை வந்த மாதிரி தெரியவில்லை. "பேரு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். மாமா என்று இல்லை. அவர் அப்பா என்று இல்லை. என் பேரை, தலைப்பெழுத்தோடு முழுசாக, அவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக. என் மனைவி போன பிறகு அந்தப் பேரை ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்கவில்லை. கோபத்தில் சொன்னாளா, வேறு எப்படியாவது சொன்னாளா, குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார் காவலர்.

இன்னொரு தடவை சொன்னாள்.